இரவல் நாக்கு

அவளுக்குக் கை உண்டு, நாக்கு இல்லை. சமையல்காரிக்கு இதைவிடப் பெரிய குறை வேண்டியதில்லை. பேச்சுக் கொடுத்துக்கொண்டே வெங்காயத்தை நூல் நூலாக நறுக்குவாள். மீனின் நடுமுள்ளை ஒரே இழுப்பில் உருவி எடுப்பாள். ஆனால் கொதிக்கிற சூப்பில் ஒரு கரண்டி எடுத்துக் கொடுத்து, இதில் என்ன குறைகிறது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். பெரிய ஓட்டல்களில் வருடக்கணக்காக மற்றவர்களின் அளவுகளை இம்மி பிசகாமல் செய்து பெயர் வாங்கியவள். சொந்தமாக ஒன்றைச் செய்வதென்றால் அவளுக்குத் தம்பி வேண்டும்.

தம்பிக்கு வீட்டில் 'மீட்டர்' என்று பெயர். "நீ இன்னிக்கு உப்ப ரெண்டு தடவ போட்டுட்ட, அப்புறம் தண்ணி ஊத்திச் சமாளிச்சிருக்க" என்று அம்மாவிடம் சொல்லி முதுகில் வாங்கிக் கட்டிக்கொண்ட பிள்ளை. வளர்ந்து தேயிலைக் கம்பெனி ஒன்றில் ருசி பார்க்கும் வேலைக்குப் போனான். நீள மேசையில் வரிசையாகக் கிண்ணங்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் உறிஞ்சித் துப்பிவிட்டு, இது மழைக்கு முன்னால் பறித்த இலை, இது மூட்டையிலேயே ஈரம் பட்டது என்று சொல்லிக்கொண்டே போவான். நாக்கை ஆட்டியே சம்பளம் வாங்குகிறான் என்று உறவுக்காரர்கள் கேலி செய்வார்கள். அவனும் சிரிப்பான்.

சொந்த உணவகம் என்பது அவளுக்கு வெறும் ஆசை இல்லை, வெறி. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் அதைச் சொல்லித்தான் தட்டிக் கழித்தாள். கடைசியில் ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளம் கிடைத்தது. முன்னால் உயரமான சன்னல்கள் வைத்த கூடம், பின்னால் இருண்ட சமையலறை, அதற்கும் பின்னால் குப்பைத் தொட்டிகள் வைக்கிற சின்ன முற்றம். சமையலறைச் சுவரோடு சுவராக ஒரு பெரிய இரும்பு அடுப்பு இருந்தது.

"இத மட்டும் எடுக்க முடியாதும்மா. சுவரோட சேத்துக் கட்டினது" என்றார் கட்டடக்காரர்.

"முன்னாடி யாரு சமைச்சாங்க?"

"ஒரு பெரியவர். அவர் கை பட்டா வெறும் தண்ணி கூட ருசிக்கும். கடைசில ஏதோ காய்ச்சல் வந்து நாக்கு செத்துப்போச்சு. உப்புக்கும் சக்கரைக்கும் வித்தியாசம் தெரியல. சமைக்கறத விட்டுட்டாரு. ஆனா தெனமும் வந்து இது முன்னாடி நின்னு, கொதிக்கறத அப்படியே எடுத்து எடுத்து வாயில வச்சுப் பாப்பாரு. உதடெல்லாம் வெந்து கெடக்கும். ஒரு நாள் இங்கயே விழுந்தவரு எந்திரிக்கல."

அவள் உச்சுக் கொட்டினாள். ஆனால் மனதுக்குள், இந்த அடுப்பில் ஒரே நேரத்தில் எத்தனை பாத்திரம் வைக்கலாம் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்புக்குப் பின்னால் சுவர் கறுத்துப் போயிருந்ததால், அதை மறைத்துப் பளபளவென்று ஒரு எஃகுத் தகடு அடிக்கச் சொன்னாள்.

திறப்பு நாளன்று காலை, தம்பி வேலைக்குப் போகிற வழியில் வந்தான். எலும்புச் சாற்றில் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்து வெகுநேரம் நின்றான்.

"எல்லாம் இருக்குக்கா. ஆனா ஏதோ ஒண்ணு இல்ல. என்னன்னுதான் பிடிபடல."

அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை. ரொட்டி வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டு வாசலுக்குப் போனாள். தம்பி கை கழுவ முற்றத்துப் பக்கம் போயிருந்தான். திரும்பி வந்தபோது சமையலறையில் யாரும் இல்லை. தட்டில் கிடந்த கரண்டி பாத்திரத்துக்குள் இருந்தது. யாரோ கலக்கிவிட்டு அப்போதுதான் கையை எடுத்த மாதிரி, சாறு மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது.

தம்பி மறுபடி ருசி பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

"அக்கா, யாரு என்ன போட்டாங்க?"

"நாந்தான்" என்றாள். பொய் அத்தனை சுலபமாக வந்தது.

அன்று சாப்பிட்டவர்கள் தட்டை வழித்து நக்காத குறைதான். ஒரு வாரத்துக்குள் வாசலில் வரிசை நிற்க ஆரம்பித்தது. அந்த அடுப்பின் சூட்சுமம் அவளுக்கு மெல்லப் பிடிபட்டது. தம்பி ருசி பார்க்க வேண்டும். அவன் கரண்டியை வைத்த பிறகு எல்லோரும் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க வேண்டும். திரும்பினால் வேலை முடிந்திருக்கும். பயம் இல்லாமல் இல்லை. தனியாக இருக்கும்போது பிடரி குளிரும். ஆனால் கூடத்திலிருந்து வருகிற பாராட்டு அந்தக் குளிரைப் போக்கிவிடும். செத்த மனுஷன், பாவம், கை ஓயாமல் ஏதோ செய்துவிட்டுப் போகட்டுமே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஒருமுறை தம்பியும் அவன் மனைவியும் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தார்கள். அவள் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பைத்தியக்காரி போல நின்று பார்த்தாள். கரண்டி அசையவில்லை. அன்று தட்டுகள் பாதியோடு திரும்பி வந்தன. அடுப்புக்கு வேண்டியது தம்பியின் வாய் என்று அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பதிலுக்கு அவனிடமிருந்து என்ன போகிறது என்று மட்டும் அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

தம்பி மனைவி வந்தது ஒரு மத்தியானம். கூட்டம் கலைந்து, நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அதிர்ந்து பேசாத பெண் அவள். முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள்.

"அண்ணி, நேத்து அவர் காப்பில சக்கரைன்னு நெனச்சு உப்பப் போட்டுட்டேன். முழுசாக் குடிச்சுட்டு டம்ளரையும் கழுவி வச்சுட்டுப் போறாரு."

"சளி பிடிச்சிருக்கும்."

"சளி இல்ல அண்ணி. கம்பெனில எந்தக் கிண்ணம் எதுன்னு மாத்தி மாத்திச் சொல்றாராம். கூட வேலை செய்யறவர் வந்து சொன்னாரு. டாக்டர்கிட்ட காட்டியாச்சு. நாக்குல ஒரு கோளாறும் இல்லங்கறாரு."

அக்கா மேசையைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த மேசை.

"இங்க வந்துட்டுப் போற அன்னிக்கெல்லாம் ஜாஸ்தியாகுது. நான் சொன்னா, அக்காவுக்கு நான் வேணும்டிங்கறாரு. கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாரு."

"சொல்றேன்."

சொல்லத்தான் நினைத்தாள். அதில் பொய் இல்லை. ஆனால் அந்த வாரம் ஒருவர் வருவதாக இருந்தது. உணவகங்களைப் பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவர். அவர் நல்லதாக நாலு வரி எழுதினால் வெளிநாட்டிலிருந்துகூட ஆட்கள் தேடி வருவார்கள். அவர் வந்து போகட்டும், அடுத்த நாளே தம்பியை நிறுத்திவிடலாம் என்று தள்ளிப் போட்டாள்.

அந்த நாள் நல்ல வெயில். சமையலறையின் ஒரே சின்னச் சன்னல் வழியாக வந்த வெளிச்சம் எஃகுத் தகட்டில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்தது. மூன்று பாத்திரங்கள் தயாராக இருந்தன. தம்பி முதல் பாத்திரத்தில் கரண்டியை விட்டான். அவள் பக்கத்தில் நின்று மீன் துண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது தகட்டில் தம்பிக்குப் பின்னால் ஒரு நிழல் தெரிந்தது. பரிமாறுகிற பெண்ணாக இருக்கும் என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

இரண்டாவது பாத்திரத்தின்போது தெளிவாகவே தெரிந்தது. ஒரு கிழவர், தம்பியின் தோளில் மோவாயை வைக்காத குறையாக ஒட்டிக்கொண்டு நின்றார். உதடுகள் வெந்து உரிந்திருந்தன. தம்பி வாயைத் திறந்தபோது அந்த வாயும் திறந்தது. தம்பி விழுங்கியபோது அந்தத் தொண்டை ஏறி இறங்கியது. தம்பியின் முகம் காகிதத்தை மென்றவன் முகம் போல இருந்தது. கிழவரோ கண்ணை மூடி, தாய்ப்பால் குடிக்கிற குழந்தையைப் போலச் சொக்கிப் போயிருந்தார்.

அவள் கையிலிருந்த மீன் துண்டு நழுவித் தரையில் விழுந்தது.

தம்பி மூன்றாவது பாத்திரத்துக்கு நேராகக் கரண்டியைப் பிடித்தபடி நின்றான். தகட்டைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"அக்கா, இதையும் பாக்கணுமா?"

கதவைத் தள்ளிக்கொண்டு பரிமாறுகிற பெண் எட்டிப் பார்த்தாள். "அவர் வந்துட்டாரு மேடம். சன்னலோரமா உக்காந்திருக்காரு."

அவள் தம்பியின் பக்கம் திரும்பினாள். "இது ஒண்ணுதான்டா" என்றாள்.

வந்தவர் சமையலறைக்கே வந்து கையைப் பிடித்துக் குலுக்கிப் பாராட்டினார். என்ன சொன்னார் என்று அவளுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. அவர் போனதும் ஒரு தட்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் வைத்து எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். தம்பி படியில் உட்கார்ந்திருந்தான். ஒரு வாய் எடுத்து மென்றான்.

"சூடா இருக்கு" என்றான். இன்னும் கொஞ்சம் மென்றான். "அவ்வளவுதான் தெரியுது."

மறுநாள் அவள் கடையைத் திறக்கவில்லை. அடுப்பை மூட்டி, ஒரு பாத்திரம் சாறு வைத்து, தானே கரண்டியை வாயில் விட்டாள். "என்னுத எடுத்துக்க. அவனுத குடுத்துடு" என்று தகட்டைப் பார்த்துச் சொன்னாள். நாக்கு பொத்துப் போகும்வரை குடித்தாள். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள், அழுதாள், கெஞ்சினாள். கரண்டி அசையவே இல்லை. அவள் நாக்கு எதற்கும் உதவாது என்பது கிழவருக்குத் தெரிந்திருந்தது.

பிறகு ஆள் வைத்து அடுப்பை இடித்தாள். பாதிச் சுவரும் சேர்ந்து விழுந்தது. கட்டடக்காரர் கத்தினார். செங்கலும் கரியும் தவிர உள்ளே ஒன்றும் இல்லை. தம்பிக்கு ருசி திரும்பவில்லை. பத்திரிகையில் அவர் எழுதியது வந்தபோது உணவகம் பூட்டிக் கிடந்தது. தேடி வந்தவர்கள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

தம்பியைக் கம்பெனிக்காரர்கள் கைவிடவில்லை. கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்குவதை மேற்பார்வை பார்க்கிற வேலை கொடுத்தார்கள். ருசி பார்க்கிற அறையைத் தாண்டித்தான் கிடங்குக்குப் போக வேண்டும். முதல் கொஞ்ச நாள் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனானாம். அவள் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் நோயாளிகளுக்குப் பத்தியச் சாப்பாடு செய்கிறாள். அங்கே யாரும் ருசியை எதிர்பார்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி அவள் வீட்டுக்குச் சாப்பிட வருவான். மனைவி துணைக்கு வந்தாலும் தெருமுனையோடு நின்றுவிடுவாள். ஏன் அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று அவள் அண்ணியைக் கேட்டதில்லை. பேச்சையே நிறுத்திவிட்டாள்.

ஒரு ஞாயிறு அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பல நாளாகத் தொண்டையில் நின்றதை அவள் எடுத்தாள்.

"அன்னிக்கு அந்தத் தகட்டுல…"

"தெரியும்கா. நானும் பாத்தேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நீ பாத்ததையும் பாத்தேன்" என்றான், தட்டிலிருந்து முகத்தை எடுக்காமல்.

"அப்புறம் ஏன்டா குடிச்ச?"

அவன் யோசித்தான். கோபத்தைத் தேடி, அது கிடைக்காதவன் போல இருந்தான்.

"நீ வேண்டாம்னு சொல்லுவியான்னு பாத்துட்டு நின்னேன். நீ சொல்லல. சரி, அக்காவுக்கு அவ்வளவு ஆசை இருக்கு போலன்னு நெனச்சேன்." தட்டை நீட்டினான். "இன்னும் கொஞ்சம் போடு. பசிக்குது."

அவள் பரிமாறினாள். அவன் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான், கை கழுவினான், குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அவள் சன்னலில் நின்று பார்த்தாள். தெருமுனையில் தம்பி மனைவி அவனிடம் ஏதோ கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். பிறகு அவன் மனைவி நிமிர்ந்து சன்னலைப் பார்த்தாள். கையை உயர்த்தலாமா என்று இவள் தயங்கி நிற்பதற்குள், இருவரும் திரும்பிப் பேருந்து வருகிற பக்கமாக நடந்துவிட்டார்கள்.