முதுகில் பதினோரு டைல்ஸ்

ஞாயிற்றுக்கிழமை நீச்சலுக்குப் பிறகு என் மகளின் முதுகில் பதினோரு டைல்ஸ் இருந்தன. போன ஞாயிறு எட்டு. வெளிர்நீலம், ஒவ்வொன்றும் பிஸ்கட் அளவு, நடுவே வெள்ளை சிமென்ட் பூசிய கோடு. குனிந்து பார்த்தேன். வேலை சுத்தமாக இருந்தது. எங்கள் வீட்டுக் குளியலறையில் கூட இவ்வளவு நேராக ஒட்டவில்லை.

நறுமுகைக்கு ஐந்து வயது. முதலில் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தது. குளத்திலிருந்து ஏறியதும் முழங்கை மடிப்பு சிவந்தது. அடுத்த வாரம் முதுகில் பொடிப்பொடியாகத் தடிப்பு, சொரசொரப்பு, நாள் முழுக்க அரிப்பு. மூன்றாம் வாரம் டைல்ஸ். முன்பெல்லாம் சொறியும்போது சரக் சரக்கென்று கேட்கும். இப்போது டக் டக்கென்று கேட்கிறது, யாரோ கதவைத் தட்டுவது போல. இரண்டு முறை போய்த் திறந்தும் பார்த்துவிட்டேன்.

குளத்துக்கு அனுப்பாமல் இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். இருந்து பார்த்தோம். செவ்வாய்க்கிழமை குளமே மூன்றாம் மாடிக்கு வந்து காலிங் பெல் அடித்தது. மிதியடி நனைய வாசலில் நின்றது. பாப்பா ஏன் வரவில்லை என்று விசாரித்தது. உடம்பு சரியில்லை என்றேன். நம்பாத மாதிரி கொஞ்சம் தளும்பிவிட்டு இறங்கிப் போனது.

அதுவும் தவிர, நறுமுகைக்கு அந்தக் குளம் என்றால் உயிர். தண்ணீருக்குள் முகத்தை வைத்து ஐந்து வரை எண்ணுவாள். எழும்போது ஒரு சிரிப்பு சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காக எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று தோன்றும். தோன்றுவதோடு நான் வழக்கமாக நிறுத்திக்கொள்வேன்.

என் மனைவி ஹேமாவதி அளவு நாடா எடுத்து வந்து அளந்தாள். மேல்வரிசை டைலுக்கும் கழுத்துக்கும் இடையே நான்கு விரல் இருந்தது.

முகத்துக்கு வந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"அன்னிக்கு எந்த மூஞ்சியோட இருக்காளோ, அப்புறம் அதே மூஞ்சிதான்," என்றாள் ஹேமாவதி. "அழுதுட்டிருந்தா அழுத மூஞ்சி."

தோல் டாக்டர் மரகதவல்லியின் கிளினிக் எங்கள் தெருவிலேயே இருக்கிறது. எங்கள் டோக்கன் நாற்பத்தொன்று. ஒவ்வொரு எண்ணைக் கூப்பிடும்போதும் வராந்தா ஒரு பெஞ்சு நீளம் நீண்டது. முப்பதாவது டோக்கனில் வாசல் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. எங்கள் முறை வந்தபோது நறுமுகையின் கவுன் அவளுக்கு ஒரு அளவு சின்னதாகியிருந்தது.

டாக்டர் ஒரு டைலை விரல் முட்டியால் தட்டிக் கேட்டார். குளோரின் என்றார். பயப்பட ஒன்றுமில்லை என்றார். குளத்திலிருந்து ஏறிய கையோடு, தோலில் அந்தத் தண்ணீர் காய்வதற்குள், நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும். ஈரத் துணியோடு உட்கார வைக்கக் கூடாது. துண்டால் தேய்க்காமல் ஒத்தி எடுக்க வேண்டும். வாசனையில்லாத கிரீம் ஏதாவது தடவ வேண்டும். டைல்ஸ் தானாக உதிர்ந்துவிடும்.

"அவ்வளவுதானா டாக்டர்?"

"அவ்வளவுதான். குளத்துப் பக்கத்துலயே ஷவர் இருக்குமே?"

"இருக்கு. பூட்டியிருக்கு."

"யாரு பூட்டுனது?"

நறுமுகை என்னைப் பார்த்தாள். ஹேமாவதி மின்விசிறியைப் பார்த்தாள்.

"நான்தான்," என்றேன்.

டாக்டர் மருந்துச் சீட்டில் 'நோய்க்காரணம்' என்ற இடத்தில் என் பெயரை எழுதினார். ஞானமூர்த்தி. வழக்கமாக எல்லோரும் தப்பாக எழுதுவார்கள். அவர் சரியாக எழுதியிருந்தார்.

அது இரண்டு வருடத்துக்கு முந்தைய கோடை. தண்ணீர் லாரிகள் வரவில்லை. எங்கள் குடியிருப்பின் பொதுக்குழு கூடியது. நான் எந்தக் கூட்டத்திலும் எழுந்து பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்கு நாற்காலியின் ஒரு கால் ஆடியது, எழுந்துவிட்டேன். எழுந்துவிட்டதால் பேச வேண்டியதாயிற்று. குளக்கரை ஷவரைப் பூட்டினால் தண்ணீர் மிச்சம் என்றேன். கை தட்டினார்கள்.

எனக்காகத் தட்டப்பட்ட கையோசையை நான் அதுவரை கேட்டதில்லை. ஆகவே தொடர்ந்தேன். வாளி, மக்கு, பாட்டில் என்று எந்த வடிவிலும் நல்ல தண்ணீர் குளக்கரைக்கு வரக் கூடாது என்றேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். வியர்ப்பதையும் தடை செய்யும் எண்ணம் இருந்தது. அதற்குள் சமோசா வந்துவிட்டது.

முன்மொழிந்தவர் சி-303 ஞானமூர்த்தி என்று பதிவேட்டில் எழுதினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். 'நீர்க்காவலர்' என்று பட்டம் கொடுத்தார்கள். அந்தப் புகைப்படத்தை மூன்று நாள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தேன். நூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். படத்தில் நறுமுகையும் இருக்கிறாள். மூன்று வயது. பொன்னாடையின் நுனியைப் பிடித்துக்கொண்டு என்னை அண்ணாந்து பார்க்கிறாள்.

அப்புறம் மழை வந்தது. ஏரி நிரம்பியது. பூட்டு அப்படியே இருந்தது.

வீட்டுக்குக் கூட்டி வந்து குளிப்பாட்டலாம்தான். ஆனால் ஈரத்தோடு வருபவர்களை எங்கள் லிப்ட் ஏற்றாது. அது தீர்மானம் அல்ல, லிப்டின் சுபாவம். படி ஏற வேண்டும். காய்ந்த ஆளுக்கு மூன்றாம் மாடி ஐம்பத்து நான்கு படி. நனைந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறினால் எழுநூற்றுச் சொச்சம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவள் மேலிருக்கும் தண்ணீர் காய்ந்துவிடும். அங்கேயே ஒரு டைல் ஒட்டிக்கொள்ளும் சத்தம் கேட்கும். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, "வந்துடுச்சுப்பா," என்பாள். வீடு வந்துவிட்டது என்று சொல்கிறாள் என நினைப்பது போல் நடித்துக்கொள்வேன்.

ஒரு தடவை தண்ணீர் பாட்டிலைச் சட்டைக்குள் மறைத்து எடுத்துப் போனேன். செக்யூரிட்டி கண்டுபிடித்துவிட்டார். என் தீர்மானத்தை எனக்கே முழுசாகப் படித்துக் காட்டினார். நல்ல தமிழ். கொஞ்சம் பெருமையாகக் கூட இருந்தது.

டாக்டரைப் பார்த்த மறுநாள் செயலாளரைப் பார்க்கப் போனேன். கோதண்டராமன் சாரின் அலுவலகம் குளத்தின் மூன்றடி ஆழத்தில் இருக்கிறது. மேஜை, பீரோ, பதிவேடுகள் எல்லாம் அங்கேதான். அரைக்கைச் சட்டை, பையில் பேனா, மார்பளவு தண்ணீர். அவருக்கு நெற்றி வரைக்கும் டைல்ஸ். மினிட்ஸ் வாசித்துக்கொண்டிருந்தபோது முகத்துக்கு ஏறியதாம். அதனால் எப்போதும் மினிட்ஸ் வாசிக்கும் முகம். அவர் பேத்திக்குப் பிறந்தநாள் வாழ்த்து சொன்னபோதும் அதே முகம் என்று கேள்வி.

நானும் பேண்ட்டோடு இறங்கி எதிரே நின்றேன்.

"சார், ஷவர் சாவி வேணும்."

"தீர்மானம் இருக்கே."

"என் தீர்மானம்தான் சார். வாபஸ் வாங்கிக்கிறேன்."

பதிவேட்டைப் புரட்டினார். ஈரப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஊதி ஊதிப் பிரித்தார். கடைசி வரியில் விரல் வைத்தார். முன்மொழிந்தவர் உள்ளவரை இத்தீர்மானமும் இருக்கும் என்று எழுதியிருந்தது. அந்த வரியைச் சேர்க்கச் சொன்னதும் நான்தான் என்றார். சமோசாவுக்குக் கொஞ்சம் முன்னால் சொன்னேனாம்.

வழிமொழிந்தவரையாவது கேட்கலாமா என்றேன். வழிமொழிந்தவர் ஏ-107 பரஞ்சோதி. அவர் மார்ச் மாதமே பிளாஸ்டிக் நாற்காலியாகிவிட்டார் என்று செயலாளர் கரையைக் காட்டினார். வெள்ளையாக நின்றுகொண்டிருந்தார். அவர் மேல் யாரோ ஈரத் துண்டைப் போட்டிருந்தார்கள். நான் வணக்கம் சொன்னேன். ஒரு பெண்மணி வந்து அவர் மேல் உட்கார்ந்தார்.

"அப்ப நான் என்னதான் சார் பண்றது?"

"நீங்க இருக்கீங்க. அதான் சிக்கல்," என்றார் கோதண்டராமன்.

மேஜையின் இழுப்பறையிலிருந்து இல்லாமைப் படிவத்தை எடுத்தார். இரண்டு பக்கம். பெயர் என்ற இடத்தில் பெயர் எழுதி அடித்துவிட வேண்டும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இல்லை என்று ஒரு கட்டம். 'முதல்' என்பதில் வர இருக்கும் ஞாயிறைப் போடச் சொன்னார். 'வரை' என்பதைக் காலியாக விடச் சொன்னார். அதில் எதையாவது எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். யார் என்று கேட்டேன். அவர் ஒரு பந்தைத் தலையால் முட்டிச் சிறுவர்கள் பக்கம் அனுப்பினார். குடும்பத்தார் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

"சாவி எப்ப கிடைக்கும் சார்?"

"நீங்க கேக்க முடியாதப்ப."

வீட்டில் ஹேமாவதி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தாள். இவ்வளவு கவனமாக அவள் படித்த என் சம்பந்தப்பட்ட காகிதம் இது ஒன்றுதான். எழுந்து போய், நறுமுகையின் கழுத்தை மறுபடி அளந்துவிட்டு வந்தாள். இரண்டு விரல்தான் இருந்தது.

"ஊறுகாய் பாட்டில் மூடியை இனிமே யாரு திறக்குறது?" என்றாள்.

பேனாவை நீட்டினேன். கையெழுத்துப் போடப் போனாள். பேனா எழுதவில்லை. உதறினாள். இன்னும் இரண்டு முறை உதறினாள். அப்புறமும் கொஞ்ச நேரம் உதறிக்கொண்டே இருந்தாள். பிறகு போட்டாள். பேனா முதலிலேயே எழுதியிருந்தது போலிருக்கிறது. தாளின் ஓரத்தில் சின்னதாக ஒரு கோடு இருந்தது.

நறுமுகை தரையில் குப்புறப் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். மல்லாந்து படுத்தால் சத்தம் வருகிறது என்று இப்போதெல்லாம் குப்புறத்தான் படுக்கிறாள். படிவத்தைப் பக்கத்தில் வைத்தேன்.

"இது என்னப்பா?"

"லீவ் லெட்டர்."

"எனக்கா?"

"இல்ல. அப்பாவுக்கு."

"உனக்கும் அரிக்குதா?"

"கொஞ்சம்," என்றேன்.

லீவ் லெட்டர் அவளுக்குத் தெரியும். அரிப்பு தாங்காமல் பள்ளிக்குப் போகாத நாட்களுக்கு அம்மா எழுதிக் கொடுப்பாள், கீழே கையெழுத்துப் போடுவாள். எனக்குப் போட ஒரு சந்தர்ப்பம் கிடைத்ததில் அவளுக்குச் சந்தோஷம். பெயரை எழுத்துக்கூட்டி எழுதினாள். கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போயிற்று. பக்கத்தில் ஒரு மீன் வரைந்தாள். மீனுக்கு ஆரஞ்சு வண்ணம் அடிக்க வேண்டும் என்றாள். அடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். அவசரம் இல்லை. அன்று சனிக்கிழமைதான்.

மறுநாள் காலை செயலாளர் படிவத்தை வாங்கிச் சரிபார்த்தார். மீன் எதற்கு என்றார். சாட்சி என்றேன். முத்திரை குத்தினார். "அடுத்தவர்," என்றார். எனக்குப் பின்னால் யாரும் இல்லை. எனக்கு முன்னாலும் யாரும் இல்லை என்பது போல அவர் பார்வை என்னைக் கடந்து பரஞ்சோதி மேல் போய் நின்றது.

சாவி தண்ணீரின் மேல் மிதந்து வந்தது. ஷவரைத் திறந்து மூட ஓர் ஆள் வேண்டும் என்று செயலாளர் பொதுவாகச் சொன்னார். குடியிருப்போர் இந்த வேலையைச் செய்யக் கூடாது, எங்கேயும் இல்லாத ஆளாகப் பார்த்துப் போட வேண்டும் என்றார். நான் சாவியை எடுத்துக்கொண்டேன்.

பூட்டு துருவேறியிருந்தது. முதலில் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது. ஓட விட்டேன். தெளிந்தது.

நறுமுகை குளத்தில் முகத்தை வைத்து ஐந்து வரை எண்ணி எழுந்தாள். அதே சிரிப்பு. ஏறிய கையோடு ஓடி வந்து ஷவருக்கு அடியில் நின்றாள். முதல் டைல் கழன்று தரையில் விழுந்து உடைந்தது. பிறகு இரண்டாவது. பிறகு நான்கைந்து சேர்ந்தாற்போல. அடியில் தோல் இளஞ்சிவப்பாக இருந்தது. சாதாரணத் தோல். அதில் பழைய கொசுக்கடித் தழும்பு ஒன்று இருந்தது. அந்த இடத்தில்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஹேமாவதி கிரீமோடு நின்றுகொண்டிருந்தாள். குழாயைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள்.

"பிரஷர் கம்மியா வருது. கொஞ்சம் பாருங்க," என்றாள்.

பார்த்தேன். கூட்டி வைத்தேன். கடைசி டைலும் விழுந்தது.

"அங்கிள், துண்டு," என்று நறுமுகை கையை நீட்டினாள்.

கொடுத்தேன். அவள் முதுகை அழுத்தித் தேய்த்தாள்.

"தேய்க்காத பாப்பா. ஒத்தி எடு."

"எங்கப்பா தேய்ச்சுத்தான் விடுவாரு."

"அது தப்பு."

"தெரியும். டாக்டர் சொன்னாங்க," என்றாள். துண்டை முதுகில் வைத்து வைத்து எடுத்தாள். "எங்கப்பா இப்ப லீவுல இருக்காரு. நான்தான் கையெழுத்துப் போட்டேன். மீன் கூட வரைஞ்சேன்."

அப்பா எப்போது திரும்பி வருவார் என்று கேட்டேன். வேலையாட்கள் குடியிருப்போரிடம் சொந்த விஷயம் பேசக் கூடாது என்று ஷவருக்கு மேலே பலகை தொங்குகிறது. அதற்கு அடியில் நின்றுகொண்டுதான் கேட்டேன்.

நறுமுகை ஒத்துவதை நிறுத்தி யோசித்தாள்.

"அது லெட்டர்ல போடலையே அங்கிள்," என்றாள்.

துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அம்மாவோடு நடந்தாள். உடம்பு நன்றாகக் காய்ந்திருந்தது. லிப்ட் உடனே திறந்தது.