யாருக்குக் கொடுக்கக் கூடாது

“யார் யாருக்குக் குடுக்கக் கூடாதுன்னு மட்டும் சொல்லுப்பா. மிச்சத்த அதுவே பாத்துக்கும்” என்று சதீஷ் போனை என் முகத்துக்கு நேரே நீட்டியபோது நான் கருவாட்டு முள்ளைத் துப்பிக்கொண்டிருந்தேன். சதீஷ் என் மகன். சென்னையில் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. கடற்கரைச் சாலையை அகலப்படுத்த எங்கள் துண்டு நிலத்தை எடுத்துக்கொண்டு கொடுத்த பணம் பேங்க்கில் சும்மா கிடக்கிறது என்று அவனுக்கு வயிற்றெரிச்சல். கடன் வேண்டுகிறவன் ஒரு பக்கம் பேரைப் போடுவானாம். காசு இருக்கிறவன் இன்னொரு பக்கம் போடுவானாம். நடுவில் மனுஷன் கிடையாது. மெஷினே நம் காசை ஐந்நூறு ஆயிரமாக நறுக்கி நூறு பேருக்குக் கொடுத்து, வட்டியோடு வாங்கி, வந்ததைத் திரும்பவும் கொடுக்குமாம்.

“மூஞ்சியப் பாக்காம காசு குடுக்கறவன் பைத்தியக்காரன்டா.”

“மூஞ்சியப் பாத்துத்தான அந்த அப்பாவுவுக்குக் குடுத்த? திருப்பிக் குடுத்தானா?”

அப்பாவு என்னோடு உப்பு வாரினவன். மகளுக்குக் காது குத்த என்று என்னிடம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு நெல்லூர்ப் பக்கம் ஓடிப்போனவன். அந்தப் பேரைச் சொன்னால் நான் வாயை மூடிக்கொள்வேன் என்று பையனுக்குத் தெரியும். மூடிக்கொண்டேன்.

போன் ஒவ்வொன்றாகக் கேட்டது. அவன் படித்தான், நான் சொன்னேன்.

“கவர்மெண்ட் வேலைக்காரன்?”

“குடு. சம்பளத்துல புடிக்கலாம்.”

“கல்யாணம் ஆகாதவன்?”

“வேணாம். பொண்டாட்டி இல்லாதவன எந்த வாசல்ல போயி கேக்கறது?”

“பொம்பளைங்க?”

“தாராளமா குடு. மானத்துக்குப் பயந்து கட்டிடுவாங்க.”

“தினக்கூலி, மீன்பிடி, உப்பளம், விவசாயம்?”

“வேணாம். வேணாம். வேணவே வேணாம்.”

“நம்ம ஜில்லா ஆளுங்க?”

“மொதல்ல அதக் கோடு போட்டு அடி.”

சதீஷ் சிரித்தான். “நீயே உப்பளத்து ஆளுதானப்பா.”

“அதனாலதான்டா சொல்றேன்.”

பொய் சொல்லவில்லை. ஐப்பசியில் மழை பிடித்தால் தை வரைக்கும் அளத்தில் வேலை கிடையாது. அந்த நாட்களில் கூலியாள் அளத்துக்காரனிடம் அரிசிக்கு முன்பணம் வாங்குவான். அதை அடைக்க அடுத்த அளத்துக்காரனிடம் வாங்குவான். நானும் அப்படி வாங்கித்தான் பிள்ளைகளை வளர்த்தேன். ஒரு முதலாளிக்குப் பயந்து சந்து சந்தாகச் சுற்றி வீட்டுக்கு வந்திருக்கிறேன். வெளியூர்க்காரன் எங்கள் ஊரானைப் பற்றித் தப்பாகச் சொன்னால் கோபம் வரும். எனக்குத் தெரிந்ததை நான் சொன்னால் யார் என்ன செய்ய முடியும்?

அந்தக் கார்த்திகையில்தான் புயல் வந்தது. என் மகள் அம்சவள்ளியின் புருஷன் பலராமன், திண்டிவனத்துக்காரர் ஒருவரின் அளத்தில் ஐந்து பாத்தி குத்தகைக்கு வைத்திருந்தான். கூலிக்குப் போகாமல் தன் பேரில் பாத்தி வைத்திருப்பது அவனுக்குப் பெரிய காரியம். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் யார் கேட்டாலும் “என் பாத்திக்குப் போறேன்” என்பான், “வேலைக்குப் போறேன்” என்று சொல்ல மாட்டான். மழைக்கு முன்னால் கீற்று போட்டு மூடி வைத்திருந்த உப்பு அம்பாரம் ஒரே ராத்திரியில் கரைந்து ஓடையோடு போய்விட்டது. பாத்தியெல்லாம் வண்டல். தைக்குள் அதை வாரி வெளியே கொட்டி, வரப்பு கட்டி, தரையைக் காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தவில்லை என்றால் அந்த வருஷம் உப்பு கிடையாது. குத்தகையும் கையை விட்டுப் போய்விடும். ஆள் வைக்கக் காசு வேண்டும்.

மருமகன் மாமனாரிடம் வாய் திறந்து காசு கேட்பது எங்கள் பக்கத்தில் கிடையாது. மாமனார் தானாகக் கூப்பிட்டுக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், கௌரவக் குறைச்சல் இல்லை. பெண்டாட்டியைத் தூது அனுப்புகிறவனும் உண்டு. பலராமன் அதையும் செய்யாதவன். ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்தான். அளத்துக்குத் தண்ணீர் இறைக்கிற எஞ்சின் பழுது பற்றிப் பேசினான், டீசல் விலையைப் பேசினான். அவன் காலில் முழங்கால் வரைக்கும் சேறு காய்ந்து வெடித்திருந்தது.

“சேறு தொடை மட்டும் கெடக்குதுங்க மாமா.”

“இந்த வருஷம் எல்லாருக்கும் அப்படித்தானப்பா.”

டீயைக் குடித்தான். டம்ளரைக் கழுவி வைத்தான். போய்விட்டான். அடுத்த ஞாயிறும் வந்தான், அதே எஞ்சின், அதே டீசல். எதற்கு வருகிறான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கேட்டால் கொடுப்பேன், கேட்கட்டுமே என்று இருந்தேன். கேட்காதவனைக் கூப்பிட்டுக் கொடுத்தால் நாளைக்கு அதற்கு மதிப்பில்லை என்பது என் கணக்கு. அதற்கப்புறம் அவன் வரவில்லை.

சதீஷ் மட்டும் வாரத்துக்கு ஒரு தடவை போன் போடுவான். பூனாவில் ஒருத்தன் பல் கட்டிக்கொள்ள நம் காசு போயிருக்கிறது, ஜெய்ப்பூரில் ஒரு அம்மா அழகு நிலையம் வைக்க வாங்கியிருக்கிறாள், தவணை டாண் டாண் என்று வருகிறது என்பான். “மெஷினு உன்னாட்டமே இருக்குதுப்பா, ஒருத்தனையும் நம்பறதில்ல” என்பான். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மாசியில் அம்சவள்ளி வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. போன வருஷம் எங்கள் வீட்டில் போட்டு வைத்திருந்த அவர்களுடைய உப்பு வாரும் பலகைகளை எடுத்து வாசலில் வைத்தாள். யாருக்கோ விற்கப் போகிறாளாம்.

“பாத்திய வுட்டாச்சுப்பா. ஓனரு வேற ஆளுக்குக் குடுத்துட்டாரு.”

“ஏண்டி, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன?”

“அவுரு கேக்க மாட்டாருன்னு உனக்குத் தெரியாதா? வாசல்ல வந்து உக்காந்துட்டுப் போனாரே, ரெண்டு வாட்டி.”

அவள் அடுத்த பலகையை எடுத்து வைத்தாள்.

“போன்ல கேட்டாரு. மூஞ்சி தெரியாதவங்ககிட்ட கேக்கறதுல என்னா வெக்கம்னு. தம்பி உனக்குப் போட்டுக் குடுத்தானே, அதே கம்பெனிதான். ஆதாரு, பேன் கார்டு எல்லாம் போட்டாரு. தலைய இப்டித் திருப்பு, அப்டித் திருப்புன்னுச்சு, திருப்பினாரு. என்னா தொழில்னு கேட்டுச்சு. உப்பளம்னு போட்டாரு. எந்த ஜில்லான்னுச்சு, போட்டாரு. பாஞ்சு நாளு அப்படியே கெடந்துது. தெனமும் வெடியக் காலையில எந்திரிச்சு அதத்தான் பாப்பாரு. அப்புறம், உங்களுக்குக் குடுக்க யாரும் வரலன்னு மெசேஜ் வந்துச்சு.”

ஏன் இப்படி என்று சதீஷிடம் கேட்டாளாம். அவன் அவளிடம் நான் சொன்னதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். பிறகுதான் எதற்காகக் கேட்கிறாள் என்று தெரிந்து போனை வைத்துவிட்டானாம்.

“என் காசு ஒண்ணு இல்லன்னா என்னாடி? அதுல ஆயிரம் பேரு போட்டிருக்கான்” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

அவள் பலகைகளைச் சும்மாட்டுத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“ஆயிரம் பேரும் உன்ன மாதிரிதானப்பா அடிச்சிருப்பாங்க.”

அவள் போன பிறகு சதீஷைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் திருப்பி எடுடா என்றேன். பணமெல்லாம் வெளியே சுற்றிக்கொண்டிருக்கிறது, தவணை தவணையாகத்தான் வரும் என்றான். அந்த அடித்ததையாவது எடு என்றேன். எடுக்கிறேன்ப்பா என்றான், அழுகிற குரலில். நானே அதில் பேரைப் போட்டிருந்தால் எனக்கும் ஒரு பைசா வந்திருக்காது. அது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

ஒரு மாசம் தள்ளித்தான், பெட்டியில் என் சாவுச் செலவுக்கென்று வைத்திருந்ததை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பலராமனைத் தேடி அளத்துக்குப் போனேன். பங்குனி வெயில். வெள்ளையைப் பார்க்க முடியாமல் கண் கூசியது. அதே ஐந்து பாத்தி. வேறொருத்தன் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நின்று எண்ணிக்கொண்டிருந்தான். கூலியாட்கள் வரிசையில் பலராமன் கூடை சுமந்து வந்துகொண்டிருந்தான். தலையில் சாக்கை முக்காடாகப் போட்டிருந்ததால் கிட்டே வரும்வரை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

வரப்பு ஒரு ஆள் நடக்கிற அகலம்தான். சுமை உள்ளவன் நிற்க மாட்டான், வெறுங்கையாக வருகிறவன்தான் வழிவிட வேண்டும். அது அங்கே எல்லாருக்கும் தெரிந்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன். அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கை சட்டைப்பைக்குள் இருந்தது.

“ஒதுங்குங்க மாமா” என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். “பின்னால ஆளு வருது.”

ஒதுங்கினேன். ஒதுங்க வேறு இடம் இல்லை, பாத்திக்குள்தான் கால் வைத்தேன். அவன் கூடையிலிருந்து ஒழுகின தண்ணீர் என் தோளில் சொட்டியது. பின்னாலேயே ஆறேழு பேர் போனார்கள். மேட்டில் உப்பைக் கொட்டிவிட்டு எல்லாரும் இந்த வரப்பிலேயே திரும்பி வந்தார்கள். பலராமன் மட்டும் வரவில்லை. வெறுங்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஓடையைச் சுற்றிப் போகிற தூரத்து வரப்பில் நடந்துகொண்டிருந்தான். மறுபடி கூடையை நிரப்பிச் சுமந்தான். திரும்பும்போது மறுபடி அந்தத் தூரத்து வரப்பையே பிடித்தான்.

குடைக்காரன் என்னைப் பார்த்து, “யோவ் பெரியவரே, மிதிச்ச தரை, கால எடு” என்று கத்தினான். காலை எடுத்தேன். என் கால் பதிந்த பள்ளத்தில் அடியிலிருந்து மெல்லத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது.