எந்தப் பேப்பரிலும் இல்லாதவள்

…மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட வேண்டியிருக்கிறது, இந்த ஸ்டோர் ரூம் முழுக்க சாக்பீஸ் தூள், பழைய மேப்புகள், ஒரு தும்மல் வந்தால் தொலைந்தேன், பதினோரு வருஷம் டீச்சர் வேலை பார்த்தவள் காற்றுப் போன பந்துகளுக்கு நடுவே திருட்டுப் பூனை மாதிரி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது, வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருக்கிறது. போர்டில் பாதிக் கணக்கு அப்படியே நிற்கிறது… மேனேஜர் ஓடிவந்து, "டீச்சர், செக்கிங் வந்துட்டாங்க, சீக்கிரம் உள்ள போங்க" என்றதும் சாக்பீஸும் கையுமாக வந்துவிட்டேன். ஏழு மாதமாக அவருக்கு ஒரே பேச்சு, வேலை விசா அடுத்த வாரம் வந்துவிடுமாம், அந்த அடுத்த வாரம் மட்டும் எந்தக் காலண்டரிலும் இல்லை. டூரிஸ்ட் விசாவில் வந்து இறங்கிய அன்றே திரும்பிப் போயிருக்க வேண்டாமா நான்? அந்த விசாவும் முடிந்து நாலு மாதம்… பாஸ்போர்ட்டைக் கேட்டால் அலமாரியில் பத்திரமாக இருக்கிறதாம், யாருக்குப் பத்திரம்? "உங்க பேரு எந்தப் பேப்பர்லயும் இல்ல டீச்சர், டைம்டேபிள்ல இல்ல, ரெஜிஸ்டர்ல இல்ல, யாரு வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது", என்னமோ பெரிய உபகாரம் செய்துவிட்ட மாதிரி. பிடிபட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், அப்புறம் இந்த நாட்டுப் பக்கம் காலே வைக்க முடியாது, அக்கா வீட்டில் விட்டுவந்த என் மகள் ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாளே, "அம்மா, விசா வந்ததும் என்னைக் கூட்டிட்டுப் போயிடுவல்ல?" என்று, பையில் துணி எடுத்து வைத்துவிட்டாளாம், ஆறு வயசுக்கு எப்படிச் சொல்வது, உன் அம்மாவே இங்கே கணக்கில் இல்லை என்று?

சுவருக்கு அந்தப் பக்கம்தான் என் வகுப்பு. அதிகாரியின் குரல் மரியாதையாகத்தான் இருக்கிறது, "கணக்குப் பாடம் யாரு எடுக்கிறாங்க?" பிள்ளைகளிடம் சத்தமே இல்லை, என் கண்ணுங்களா, முன்பெஞ்சு வாயாடிகூட வாயைத் திறக்கவில்லை, மேனேஜர் முந்திக்கொள்கிறார், "கணக்குக்கு இன்னும் ஆள் போடல சார், அவங்களாவே படிக்கிறாங்க"… தாங்களாகவே படிக்கிறார்களாம், பின்னப் பெருக்கலை! போய்விடுவார்கள், இதோ போய்விடுவார்கள்… "சரி, எல்லாரும் கணக்கு நோட்டை எடுங்க, பாக்கலாம்." நோட்டா? கையெழுத்து. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சிவப்பு மையில் என் முழுப் பெயர், பக்கத்தில் தேதி, அது இல்லாவிட்டால் எனக்குத் திருத்தின மாதிரியே இருக்காது, யாரும் போடச் சொல்லவில்லை, கை அதுபாட்டுக்குப் போட்டது, ஏழு மாதம், முப்பத்திரண்டு நோட்டு. பாதிப் பேர் வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பார்கள், எப்போதும் மறக்கிறவர்கள்தானே… இல்லை, நேற்று நான்தான் தொண்டை கிழியக் கத்தினேன், நாளைக்கு நோட்டு இல்லாமல் யாரும் வகுப்புக்குள் வரக்கூடாது என்று. பைகளின் ஜிப் திறக்கும் சத்தம் வரிசையாகக் கேட்கிறது, முன்பெஞ்சு, நடுபெஞ்சு, அந்தக் கடைசி பெஞ்சு மறதிக்காரன்கூட… ஒருத்தர் விடாமல் கொண்டுவந்திருக்கிறார்கள். ஏழு மாதத்தில் இன்றைக்குத்தான் எல்லோரும் என் பேச்சைக் கேட்டிருக்கிறார்கள்.