சுருதி இறங்கிய ஆராதனை

மனிதகுலம் இருளில் தடுமாறிய போதெல்லாம் அதைக் கைப்பிடித்து நடத்தியது நான்கு குரல் சேர்ந்திசையே என்றார் ஆலயப் பாடகர் குழுவின் கொயர் மாஸ்டர். அப்போது ஒத்திகை அறையில் கரண்ட் போயிருந்தது. எல்லோரையும் வாசல்வரை நடத்தியது ஆல்டோ குரல் பாடும் ஒரு பெண்ணின் செல்போன் வெளிச்சம்.

எந்தப் பாட்டுக்கும் வரலாறு சொல்லாமல் விடமாட்டார் என்பதால் குழுவில் அவருக்கு ‘முன்னுரை’ என்று பெயர்.

அவருடைய அக்கா அன்றும் கடைசி நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். தொண்டை ஆபரேஷனுக்கு முன்னால், உச்சக் குரல் பாடும் சொப்ரானோ வரிசையின் முதல் ஆள். இப்போது குரல் இறங்கிக் கரகரத்துவிட்டது.

"இந்தக் கிறிஸ்துமஸுக்கு நானும் பாடறேன்டா."

"உன் குரலுக்கு ஓய்வு வேணும்க்கா."

"ஓய்வெடுத்தே ஓய்ஞ்சு போயிட்டேன். சும்மா ஓரமா நிக்கிறேனே."

"நில்லு. ஆனா வாய் மட்டும்தான் அசையணும்."

அவள் சரி என்றாள். தம்பி முகத்தைப் பார்க்கவில்லை.

ஆராதனையன்று, வாத்தியமில்லாத பாட்டுக்கு ஊதுகுழலில் சுருதி கொடுத்துவிட்டு மாஸ்டர் சபையின் பக்கம் திரும்பினார். கரோல் என்பது ஒரு காலத்தில் தெருவில் கைகோத்து வட்டமாக ஆடிய பாட்டு, ஆலயத்துக்குள் வரவே அது வெகுகாலம் காத்திருந்தது என்று தொடங்கினார்.

"இவர் முடிக்கறதுக்குள்ள ஈஸ்டர் வந்துடும்" என்று முணுமுணுத்தார் டெனர் வரிசையில் நின்ற தையல்காரர்.

ஈஸ்டர் வரவில்லை. ஆனால் கொடுத்த சுருதி எல்லோருக்கும் மறந்துபோனது. மறுபடி ஊதினால் கௌரவக் குறைச்சல். மாஸ்டர் கையை உயர்த்தினார். அவரவர் நினைவில் இருந்ததைப் பிடித்து, சுருதி இறங்கி, எல்லோரும் பாதாளத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அடிக்குரல் பாடும் பேஸ் ஆட்கள் உறுமினார்கள். மெட்டைத் தூக்க வேண்டிய சொப்ரானோக்களுக்கு வெறும் காற்றுதான் வந்தது.

ஓரத்தில் வாய் மட்டும் அசைத்துக்கொண்டிருந்த அக்காவுக்கு அந்தப் பள்ளம் வீட்டு முற்றம் மாதிரி இருந்தது. முதலில் மெதுவாக, பிறகு தாராளமாக, அந்தக் கரகரத்த குரல் மெட்டை எடுத்துக்கொண்டது. தெம்பு வந்து மற்றவர்களும் அதன் பின்னால் சேர்ந்தார்கள்.

தம்பி அவளையே பார்த்தார். அதட்டப் பார்க்கிறார் என்று நினைத்து அவள் தயங்கினாள். அவரோ பாடு, பாடு என்பதுபோலத் தலையசைத்தார். கண் நிறைந்து வழிந்தது. கைகள் இறங்கி, சட்டைப்பையில் கைக்குட்டை தேடின.

மீதி மூன்று சரணத்துக்கும் அவர் தாளம் காட்டவே இல்லை. குழுவில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.