கேட்ட நாளிலேயே

என் அம்மா கலைமணிக்குப் பாஸ்டர் சொன்னாலும் போதாது. "நர்ஸ் வேலையும் ஊழியம்தான் சிஸ்டர், பொண்ண அனுப்பி வைங்க" என்று அவரே வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். அவர் குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டே அம்மா என்னிடம் கேட்டாள்: "வேதத்துல பிள்ளைய ஆண்டவருக்குன்னு பொருத்தனை பண்ணவ, ஆலயத்துல கொண்டுபோய் விட்டாளா, இல்ல நர்சிங்ல சேத்தாளா?"

இந்த வீட்டில் அந்தப் பிள்ளை நான்தான். அருள்மொழி, வயது பதினெட்டு. எட்டு மாதக் கைக்குழந்தையாக இருந்தபோது எனக்கு மூளைக்காய்ச்சல் வந்ததாம். பிழைத்தால் உமக்கே தந்துவிடுகிறேன் என்று அம்மா ஆஸ்பத்திரியில் ஆண்டவரிடம் பொருத்தனை பண்ணி நேர்ந்துகொண்டாளாம். பதினேழு வருஷமாக இதைப் பற்றி மூச்சு விடவில்லை. சிதம்பரத்தில் எனக்கு நர்சிங் சீட் கிடைத்த அன்றுதான் வாயைத் திறந்தாள்.

எங்கள் சபையில் ஊழியத்துக்குப் போகிற பெண் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு சபை வீட்டிலேயே இருந்துவிட வேண்டும். படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் அத்தோடு சரி. என்னைக் கேட்டா நேர்ந்துகொண்டாள்? வந்த ஆத்திரத்தில் அன்று முழுக்க நான் சாப்பிடவில்லை. அம்மா அதை உபவாசம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள். கொடுமைடா சாமி!

திங்கட்கிழமை காலேஜில் சேரக் கடைசி நாள். ஃபாரத்தில் அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட்டாக வேண்டும். அம்மாவிடம் அழுது பிரயோஜனமில்லை, அவளுக்கு வேத வசனம்தான் புரியும். அதனால் மூன்று நாள் வேதத்தைப் புரட்டு புரட்டென்று புரட்டினேன். சனிக்கிழமை காலையில் அகப்பட்டது. மனைவி செய்த பொருத்தனையைப் புருஷன் கேள்விப்பட்ட நாளிலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அது செல்லாது. கேட்டும் பேசாமல் இருந்துவிட்டால் அது நிலைத்துவிடும். அடேயப்பா, இவ்வளவு சுலபமா! வேதத்தை மூடி வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினேன்.

என் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. பாஸ்டர் வந்தபோதும் அப்பா டூட்டியில்தான் இருந்தார், அவருக்கு இந்தப் பொருத்தனை தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். அம்மா முந்திக்கொண்டு சொன்னால் அவர் 'ம்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிடுவார். சபாபதி டிரைவர் என்றால் கடலூர் டிப்போவில் எல்லாருக்கும் தெரியும், ஹாரன் அடிக்கிற அளவுகூட வாய் பேசாத மனுஷன். அவர் வாயை மூடிக்கொண்டிருந்தாலே என் கதை முடிந்தது.

பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி அவருடைய ஒன்றரை மணி சிதம்பரம் வண்டியில் ஏறினேன். ஓட்டும்போது அவரிடம் பேச முடியாது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று வழியெல்லாம் கூட்டம் ஏறி என்னை ஜன்னல் கம்பியோடு வைத்து நசுக்கியது. சிதம்பரத்தில் டீ குடிக்க இறங்கியவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"இன்னிக்குத்தானப்பா கேக்குறீங்க? பொழுது சாயறதுக்குள்ள அம்மாகிட்ட வேணாம்னு சொல்லிடுங்க. அது போதும்."

அவர் டீயைப் பாதியில் வைத்தார். "முழுசா படிச்சியா?"

"படிச்சேன்ப்பா." பொய். எனக்கு வேண்டியது கிடைத்த இடத்திலேயே நிறுத்தியிருந்தேன்.

"ஏறு, டைம் ஆயிடுச்சி" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தேன். இடப்பக்க ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டே வந்தது. பேசுங்களேன் அப்பா, பேசித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கத்தினேன். கடலூர் வந்தது. டிப்போவில் வண்டியை விட்டார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என்னோடு நடந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அம்மா மீன் அலசிக்கொண்டிருந்தாள். அப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கலை, அந்தப் பொருத்தனை வேணாம். புள்ள நர்சிங்கே போவட்டும்."

எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. ஓடிப்போய் வேதத்தை எடுத்து வந்து அம்மாவின் முகத்துக்கு நேரே விரித்து வாசித்தேன். அவள் கோபப்படவில்லை. கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"ஏன் நிறுத்திட்ட? கீழ இருக்கறதயும் வாசி."

வாசித்தேன். கேட்டபோது பேசாமல் இருந்துவிட்டு, நாள் கடந்து வேண்டாம் என்றால், மனைவி பொருத்தனையை மீறிய குற்றத்தைப் புருஷன்தான் சுமக்க வேண்டும் என்று இருந்தது.

"ஏங்க, நீங்க இன்னிக்குத்தான் கேட்டீங்களா?" என்றாள் அம்மா.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். நான் கண்ணாலேயே அவரைக் கெஞ்சினேன்.

"அன்னிக்கே கேட்டேன் கலை. வார்டு வாசல்ல பிளாஸ்க்க வச்சிக்கிட்டு நின்னேன். நீ அழுது ஜெபம் பண்ணது அத்தனையும் காதுல வுழுந்துச்சி. புள்ள பொழச்சா போதும்னு பேசாம இருந்துட்டேன்."

அம்மாவின் முகம் செத்துவிட்டது. "ஐயோ, அப்ப வேணாங்க. சொன்னத வாபஸ் வாங்கிக்குங்க. அந்தப் பாவம் உங்க தலையில வுழும்."

"தெரியும். அந்த எடத்த நானும் எத்தனையோ வருஷமா படிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன். வுழட்டும்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். இத்தனை நாளும் அவள் என்னை விரட்டுகிறாள் என்றே நினைத்திருந்தேன். அவள் பயத்தில் நடுங்கியதை அன்றுதான் பார்த்தேன். அந்தப் பயம் எனக்கும் பிடித்துக்கொண்டது. இந்த மனுஷனை நானே இழுத்துவந்து மாட்டிவிட்டேனே! பாவி நான்.

"வேணாம்ப்பா" என்றேன். "நான் ஊழியத்துக்கே போயிடறேன். சத்தியமா போயிடறேன்."

அப்பா ஃபாரத்தை எடுத்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

"வாயால சொல்லியாச்சி அருளு. இனிமே நீ வெள்ளச் சேல கட்டிக்கிட்டு நின்னாலும் அந்தப் பாவம் எம்மேலதான். போ, நர்சாவாவது ஆவு."