விற்ற பிராசஸரைக் கேட்டுப் போன வெள்ளிக்கிழமை

என் புருஷன் ஆர்னெலுக்குப் போனில் பேச வராது. அரபு நாட்டில், தமாமில் கிரேன் ஓட்டுகிறான். ஓர் அறையில் ஆறு கட்டில், ஆறு ஆள். அங்கிருந்து கூப்பிட்டால், "சாப்டியா? மழையா? சரி, வச்சிடறேன்" என்பதோடு முடிந்தது. மெசேஜில் எழுதலாமே என்பீர்கள். அவன் போன் அந்த ஆறு பேருக்கும் பொதுச்சொத்து. நான் ஒருமுறை கொஞ்சிக் கொஞ்சி எழுதினதற்குப் பதில் போட்டவன் பக்கத்துக் கட்டில்காரன்.

அதனால் நாங்கள் விளையாட்டுக்குள் சந்தித்துக்கொள்வோம். அவனுக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை. அவன் கட்டிலில் லேப்டாப், நான் எங்கள் ஊரான மரிகீனாவில் வீட்டுக் கம்ப்யூட்டரில், எங்கள் நேரம் மாலை ஏழு மணிக்கு உள்ளே நுழைவோம். வாளும் வில்லுமாக வெட்டிக்கொள்ளும் விளையாட்டுதான். நாங்கள் ஒரு எறும்பைக்கூட வெட்டியதில்லை. அவன் ஆளும் என் ஆளும் ஆற்றங்கரையில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்க, அவன் பாட்டுக்கு டைப் அடித்துக்கொண்டே இருப்பான். போனில் நாலு வார்த்தை பேசாதவன் அங்கே நாற்பது வரி அடிப்பான்.

போன வாரம் அடித்தான்: "ஒப்பந்தம் முடியுது மிண்டா. இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. சனிக்கிழமை காலைல கையெழுத்துப் போடணும். வெள்ளிக்கிழமை வா, பேசி முடிவு பண்ணலாம். போன்ல வேணாம்."

போனில் எனக்கும் வேண்டாம்தான். போனில் கேட்டால் "உன் இஷ்டம்" என்றுதான் என் வாயில் வரும். ஐந்து வருஷமாக அப்படித்தான் வந்திருக்கிறது. நான் பெரிய தைரியசாலி என்று ஊரில் பேர் வேறு.

இந்த நேரம் பார்த்து விளையாட்டுக் கம்பெனிக்காரன் ஒரு அறிவிப்பு விட்டான். இந்த வாரத்திலிருந்து புது வடிவம், பழைய கம்ப்யூட்டர்களில் ஓடாது. எங்களுடையது ஆர்னெல் கல்யாணமான புதிதில் ஒவ்வொரு பாகமாக வாங்கிப் பூட்டினது. எட்டு வயதாகிறது. மற்றதெல்லாம் எப்படியோ தேறும், பிராசஸர் மட்டும் போதாது என்று தெரிந்தது. புதுசு வாங்க எனக்கு வக்கில்லை. பள்ளிப் பை தைத்துச் சேர்த்த காசுக்குப் பழசிலேயே கொஞ்சம் புதுசாக ஒன்றுதான் வரும். அதற்கும் துண்டு விழுந்தது.

எங்கள் ஊரில் இதற்கெல்லாம் வழி ஒன்றுதான். இருக்கிறதை விற்று அடுத்ததை வாங்குவது. எங்கள் தெருமுனையில் டோரோ அண்ணன் காசு போட்டால் ஓடும் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். அவருடைய நாலாம் நம்பர் கம்ப்யூட்டருக்குப் பிராசஸர் செத்துக் கிடந்தது. வியாழக்கிழமை எங்களுடையதைக் கழற்றி அவரிடம் விற்றேன். வாங்கும்போது அப்படிப் பார்த்தார், இப்படிப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அண்ணே, வாங்கினா வாங்கினதுதான். நாளைக்கு வந்து திருப்பி எடுத்துக்கோன்னு நிக்கக் கூடாது."

"சரிம்மா தாயே" என்று வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை, கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கில்மோர் தெருவுக்குப் போனேன். கடைக்காரப் பெண்ணிடம் எல்லாம் தெரிந்தவள் மாதிரிப் பேசித்தான் விலையைக் குறைத்தேன். அவள் கட்டிக் கொடுக்கும்போது, "உங்க மதர்போர்டு இத ஏத்துக்கற மாதிரி தயார் பண்ணிட்டீங்கள்ல, அக்கா?" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அரைமணி நேரம் மேதாவியாகப் பேரம் பேசிவிட்டு, அதென்ன என்று எப்படிக் கேட்பது? "ம், ஆச்சு ஆச்சு" என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து நாலரை மணிக்குப் பூட்டினேன். பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றியது. திரை கறுப்பு. கழற்றிப் பூட்டினேன். கறுப்பு. கடைக்காரியைப் போனில் கூப்பிட்டேன்.

"அப்பவே கேட்டேனே அக்கா. உங்க போர்டு பழசு. இந்தப் பிராசஸர் வர்றதுக்கு முன்னாடி செஞ்சது. இது யாருன்னே அதுக்குத் தெரியாது. பழைய பிராசஸர மாட்டி ஆன் பண்ணி, போர்டுக்கு அப்டேட் ஏத்திட்டு, அப்புறமா புதுச மாட்டணும்."

"பழச வித்துட்டேனே, தங்கச்சி."

அந்தப் பக்கம் சிரிப்பு. "வாரத்துக்கு மூணு பேர் இதேதான் சொல்றாங்க. வித்தாத்தானே வாங்க முடியும்? போர்ட இங்க தூக்கிட்டு வாங்க, நானே ஏத்தித் தரேன். ஆறு மணிக்குள்ள வரணும்."

வெள்ளிக்கிழமை நெரிசலில் கில்மோர் போய்ச் சேரவே இரண்டு மணி நேரம் ஆகும். திரும்பி வருவது அடுத்த கதை. மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு டோரோ அண்ணன் கடைக்கு ஓடினேன்.

அவர் என் முகத்தைப் பார்த்ததுமே சிரித்தார். "என்ன, திருப்பி எடுத்துக்கச் சொல்லி நான்தானே வரக் கூடாது? நீயே வந்துட்ட?"

"அண்ணே, ஒரு மணி நேரத்துக்கு மட்டும் குடுங்க. காலைப் பிடிக்கச் சொன்னாலும் பிடிக்கிறேன்."

"காலெல்லாம் வேணாம், நேத்துதான் நகம் வெட்டினேன். ஆனா அது நாலுல ஓடிட்டு இருக்கு. நாலுல பெனிங் உக்காந்திருக்கான்."

பெனிங், பைக்கோடு பெட்டி பூட்டின ட்ரைசைக்கிளில் சவாரி ஓட்டுகிறவர், ஐம்பது வயது. மாலையானால் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டுக் கடைக்குள் வந்து காசைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். திரையில் ஒரு கும்பலோடு சேர்ந்து கோட்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

"பெனிங் அண்ணே, எழுந்திரிங்க, நான் காசு தரேன்."

"இப்ப எழுந்தா என் டீம்ல நாலு பேரும் என் அம்மாவத் திட்டுவாங்க. முடியட்டும்."

அந்த ஆட்டம் முடிய ஐம்பது நிமிஷம் ஆனது. அதற்குள் டோரோ அண்ணன் அப்டேட்டை ஒரு பென் டிரைவில் இறக்கிவைத்தார். நான் பெனிங்கின் முதுகுக்குப் பின்னால் நின்று, எனக்குத் தெரியாத அந்தக் கோட்டை விழ வேண்டும் என்று எல்லாப் புனிதர்களையும் வேண்டினேன். யார் கோட்டையானால் என்ன, ஏதோ ஒன்று விழுந்து தொலைக்கட்டும்! கடைசியில் பெனிங்கின் கோட்டைதான் விழுந்தது.

"நீ பின்னாடி நின்னதுதான் ராசி" என்று என்னை முறைத்தார். ஆனால் விஷயத்தைச் சொன்னதும், "கையெழுத்தா? நாளைக்கா? ஏறு வண்டில" என்றார். டோரோ அண்ணன் பிராசஸரைப் பஞ்சில் சுற்றி ஒரு சோப்பு டப்பாவில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டார். அதற்கு அடியில் முள் முள்ளாகக் கால்கள் இருக்கின்றன, ஒன்று வளைந்தாலும் போச்சு. பெனிங் தன் ஆயுளில் முதல்முறையாகப் பள்ளம் பார்த்து ஓட்டினார்.

வீட்டுக்கு வரும்போது ஆறே முக்கால். பழையதை மாட்டினோம். திரை பளிச்சென்று வந்தது. டோரோ அண்ணன் அப்டேட்டைத் தொடங்கப் போனவர் கையை எடுத்துவிட்டார்.

"உங்க வீட்டுல கரண்டு நிக்குமா? இது ஏறும்போது கரண்டு போச்சுன்னா போர்டே செத்துரும். அப்புறம் புதுசும் இல்ல, பழசும் இல்ல."

எனக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே மீட்டர், ஒரே ஃபியூஸ். பக்கத்து வீட்டில் பிறந்தநாள். இரண்டு ஸ்பீக்கரோடு பாட்டு மெஷின், சோற்றுக்குக் குக்கர், ஐந்து விசிறி. வாரம் இரண்டு தடவை இப்படித்தான் ஃபியூஸ் போகும். நான் வாயைத் திறப்பதற்குள் பெனிங் வேலி தாண்டிப் போய்விட்டார்.

அவர் குரல் சுவர் வழியாகக் கேட்டது. "மெஷின நிறுத்துங்கய்யா, பத்தே நிமிஷம்! அந்தப் பொண்ணோட புருஷன் விஷயம்!"

"ஏன், செத்துட்டானா?" என்றது ஒரு பெண் குரல்.

"இல்ல, வரப்போறான்! நிறுத்தினாத்தான் வருவான்!"

பாட்டு நின்றது. கூட்டத்தில் யாரோ "ஓ" என்றார்கள். வரப்போகிறான் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே தெரியாதே. அந்த வார்த்தையை வேறொருவர் வாயால் கேட்டதும் நானும் ஒருதரம் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன்.

அப்டேட்டைத் தொடங்கினோம்; திரையில் கோடு மெல்ல ஏறியது. முப்பது. அறுபது. டோரோ அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். எண்பதில் அது கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நூறு. அணைத்தோம், பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினோம். பொத்தானை அழுத்தியது டோரோ அண்ணன்தான்.

திரை வந்தது. நான் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். "மெதுவா, மெதுவா, சோப்பு டப்பா" என்று கத்தினார். பக்கத்து வீட்டில் மறுபடி பாட்டு தொடங்கியது.

புது வடிவம் இறங்கி, உள்ளே நுழையும்போது எட்டேகால். ஆற்றங்கரையில் ஆர்னெலின் ஆள் நின்றுகொண்டிருந்தான்.

"வந்துட்டியா" என்று உடனே வந்தது. "ஒரு மணி நேரமா நிக்கிறேன். நீ வரலன்னதும், இதான் உன் பதிலோன்னு நினைச்சேன். பேப்பர பக்கத்துலதான் வச்சிருக்கேன். போட்டுட்டுக் கொஞ்சம் படுத்துடலாம்னு பேனாவ எடுத்துட்டேன்."

பிராசஸர், போர்டு, பெனிங், கோட்டை எல்லாவற்றையும் சொல்ல நினைத்தேன். விரல் வேறொன்றை அடித்தது.

"போடாத. வீட்டுக்கு வந்துரு."

டோரோ அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பி, போன வருஷத்துக் காலண்டரைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஆர்னெல்? இருக்கியா?"

"இருக்கேன். போர்வைய இழுத்து மூடிக்கிட்டேன். இவனுங்க என் முகத்தப் பாத்துருவானுங்க." பிறகு இன்னொரு வரி வந்தது. "நீ கேக்கவே மாட்டியோன்னு நினைச்சேன், மிண்டா."