நுகாகாவுக்குச் சொன்னது

முதுகில் பீர் பீப்பாயோடு பேஸ்பால் மைதானத்தின் காலரியில் ஏறி இறங்கி விற்றுக்கொண்டிருந்தேன். மேலே வெள்ளைக் கூரை. வானமும் தெரியாது, காற்றும் வராது. மற்றப் பெண்கள் கையை உயர்த்தி, “ஜில்லுனு பீர்!” என்று கூவினால் நாலு வரிசை திரும்பும். நான் கையை மட்டும்தான் உயர்த்துவேன். வகுப்பில் பெயர் கூப்பிட்டபோதும் குரல் வராமல்தான் பள்ளிக்கூடமே நின்றுபோனது.

பீப்பாயை மாட்டிவிடும்போதே மேற்பார்வை பார்க்கும் சோனோபே அக்கா சொல்லிவிட்டார்.

“யூசுகி, இன்னிக்கும் பாதிப் பீப்பாயோட வந்தியோ, நாளைலேருந்து பின்கட்டுல பாத்திரம் கழுவு. ஊமைப்படம் ஓட்டவா உன்னை வெச்சிருக்கேன்?”

பின்கட்டில் மட்டையில் பந்து படுகிற சத்தம்கூடக் கேட்காது.

வெளியூர் அணியான கரடிகளின் பக்கம் எனக்கு. அவர்கள் படுதோல்வியில் இருந்தார்கள். பாதி இருக்கை காலி. மிச்சப் பேர் கரடிகளின் மூத்த ஆட்டக்காரர் நுகாகாவுக்காக உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு இன்றோடு ஓய்வு. கடைசியாக மட்டையோடு வந்தார். மூன்று பந்தும் தப்பின, அவுட். தொப்பியைக் கழற்றி வணங்கினார்.

கைதட்டல் ஓய்ந்தபோது நான் பீப்பாயின் தோள்வாரை இறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒருவர் தொண்டை கிழியக் கத்தினார்.

“ரொம்பக் களைச்சிருப்பீங்க!”

வேலை முடித்தவரிடம் எங்கள் நாட்டில் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். என் உடம்பு யோசிக்கவில்லை. திரும்பி, பீப்பாயோடு குனிந்து, அவரைவிட உரக்கப் பதில் சொன்னேன்.

“நீங்களும் களைச்சிருப்பீங்க!”

வரிசை மொத்தமும் என்னைப் பார்த்தது. கத்தியவர் கழுத்தில் நுகாகா பெயர் போட்ட துண்டு, கண் சிவந்திருந்தது.

“உன்னை இல்லம்மா, அவரை.”

“தெரி… தெரியாம…”

“விடுய்யா,” என்றார் பக்கத்து ஆள். “உங்க ஆளு மூணு தடவை காத்தைத்தான் அடிச்சாரு. இது அந்தச் சுமையோட சாயங்காலத்துலேருந்து ஏறி இறங்குது. நிஜமாக் களைச்சது இதுதான்.”

துண்டுக்காரர் மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தார்.

“சரி, நுகாகா பேரைச் சொல்லி ஒண்ணு ஊத்து.”

“எனக்கும் களைப்புதான், ஊத்து!” என்று கீழ்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. பிறகு இன்னும் சில. படியில் மண்டியிட்டு மண்டியிட்டு ஊற்றினேன். கடைசியில் குழாய் நுரையைத் துப்பியது.

சோனோபே அக்கா பீப்பாயை ஆட்டிப் பார்த்தார்.

“காலியா?”

தலையாட்டினேன். குரல் மறுபடி போயிருந்தது.

“நாளைக்கு யாரும் ஓய்வு பெறல, ஞாபகம் வெச்சுக்கோ. நாளைக்கும் மேலதான் உனக்கு.”

வீட்டுக்குக் கிளம்பி வாசல் கதவைத் திறந்தேன். உள்ளே அடைபட்ட காற்று பீப்பாய் இல்லாத முதுகைத் தள்ளியது.

“களைச்சிருப்ப!” என்றார் அக்கா.

யாருக்கு என்று திரும்பிப் பார்த்தேன். அங்கே வேறு யாரும் இல்லை.